வலை ஈயம்

தாழ்வுபாட்டு வேதக்கோயில் பெருநாளுக்குப் பெண்கள் சைக்கிள் ஓட்டம் வைக்கப்போகிறார்கள் என்றதும், நிறஞ்சலாவைவிட அவள் அண்ணன் றொட்னிதான் துள்ளிக் குதித்தான். மன்னாரில் மேடு ஏது, பள்ளம் ஏது! "இஞ்சத்தைய றோட்டுக்கு ரயர்தான் முக்கியம். ஆனா ஓட்டம் திரும்பிற பீப்பாவைச் சுத்தி வேகம் எடுக்கேக்கை சைக்கிளின்ரை பாரம் காலைப் பிடிச்சு இழுக்கும். அதுக்குக் காலைப் பழக்க வேணும்" என்றான். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் பழைய சாரத்துணியில் சுற்றி, சீற்றைக் கழற்றி, அதன் குழாய்க்குள் இறுக்கினான். கொழுத்த ரயரும் ஈயமுமாக அவள் மாதக்கணக்கில் முக்கி முக்கி உழக்கினாள். அவன் மோட்டார்சைக்கிளில் கூடவே வருவான். ஓட்டம் திரும்பும் இடத்தில் வைத்த தார்ப்பீப்பாவைச் சுற்றி எழும்பி மிதிக்கும்போதெல்லாம் அவள் கத்துவாள்.

"பாத்தியளே அண்ணா!"

ஓட்டத்துக்கு முதல்நாள் பூசை முடிவில் சுவாமியார் அறிவித்தார். முதலாவதாக வரும் பிள்ளையைக் கொழும்பில் பயிற்சிக்கு எடுக்கிறார்களாம். நிறஞ்சலாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அண்ணனின் கருவாட்டு வாடியில் உப்பும் ஈயுமாகக் கிடந்தவளுக்கு வேறு எந்த வாசல் திறக்கப்போகிறது?

பின்னேரம் றொட்னி மெல்லிய ரயர் பூட்டிக் கல்லுப்போலக் காற்றடித்தான்.

"ஈயத்தையும் எடுத்திட்டியளோ?"

"ஓம், எடுத்திட்டன். போய்ப் படு."

மறுநாள் அந்த ரயர் தாரில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பாடா, என்ன சுகம்! பீப்பா வரைக்கும் அவள்தான் முன்னுக்கு. திரும்பி எழும்பி மிதித்தால் சைக்கிள் அசைய மறுத்தது. பின்னால் வந்த டிலக்சனா பிய்த்துக்கொண்டு போனாள். பிறகு எவ்வளவு துரத்தியும் ஒரு சைக்கிள் சில்லு நீளத்தில் எல்லாம் போயிற்று.

"பரவாயில்லையடி, அடுத்த பெருநாளுக்குப் பாப்பம்" என்று றொட்னி தலையைத் தடவினான். அவள் அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

வீட்டுப்படியில் சைக்கிளைத் தூக்கியபோதுதான் கைக்குப் பாரம் தெரிந்தது. சீற்றைக் கழற்றினாள். சாரத்துணி எட்டிப் பார்த்தது. இழுத்தாள். குண்டுகள் படியெல்லாம் சிதறின.

றொட்னி பொய் சொல்லக்கூட முயலவில்லை. "நீ கொழும்புக்குப் போனா வாடியை ஆர் பாக்கிறது?"

"அதை என்ரை முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம். சண்டை பிடிச்சிருப்பன். நான் உங்களை நம்பினனான் அண்ணா."

அவன் குனிந்து குண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். வலைக்கு வேண்டுமல்லவா, படுபாவிக்கு!

அவள் சீற்றைப் பூட்டிக்கொண்டு ஏறினாள். பீப்பா இன்னும் றோட்டில் நின்றது. சுற்றித் திரும்பி, எழும்பி ஒரே ஒரு மிதி மிதித்தாள். சைக்கிள் பாய்ந்தது. ஐயோ, இவ்வளவு லேசா! காற்று காதை அடைத்தது, நெஞ்சு துள்ளியது, வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"பாத்தியளே அண்…"

பக்கத்தில் ஒருவரும் இல்லை. மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, வாடிப் பக்கம் திரும்பாமல், நேரே உழக்கினாள்.