ஆடிக்கு அழைத்து வந்த மைதானம்

கல்லூரி மூன்றாவது மண்டலத்துக்கு மாறியபோது அதன் விளையாட்டு மைதானம் எழுந்து புகுந்த வீட்டுக்குப் போய்விட்டது. பட்டப்பகலில், சங்கராபுரம் பஸ் புறப்படுகிற நேரத்தில், விரித்த பாய் போலக் கிளம்பி அது கிழக்கே போனதைக் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேர் பார்த்தார்கள். மீதிப் பேர் பஸ்ஸில் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தப்பு முழுக்க விளையாட்டு ஆசிரியர் தமிழ்வேந்தனுடையது. எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியோடு மோத வேண்டும் என்று பல்கலைக்கழகம் மண்டலம் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் வடக்கு மண்டலம், பிறகு மேற்கு. கபடிக் குழு ஒரு மண்டலத்து எதிரிகளைப் பெயர் சொல்லித் திட்டப் பழகுவதற்குள் அடுத்த மண்டலத்தில் புது எதிரிகளைத் தேட வேண்டியதாகிவிடும். கடற்கரை மண்டலத்துக்கு மாற்றியபோது, இதாவது நிலைக்கட்டும் என்று மணலூர்பேட்டைக்காரரான தமிழ்வேந்தன் தன் தங்கைக்குச் செய்ததைப் போலவே மைதானத்துக்குச் சீர்வரிசைத் தட்டு வைத்தார். கேன்டீன் ரங்கம்மாள் மைதானத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, "போற எடத்துல பொறுமையா பொழைச்சுக்கோம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படியெல்லாம் சொன்னால் எந்த மண்தான் சும்மா கிடக்கும்?

கடற்கரை மண்டலத்தின் தலைமை ஊரில் அது போய்ப் படுத்துக்கொண்டது. மண்டலச் செயலாளர் வந்து பார்த்து, புல் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, தங்கள் பழைய மைதானத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டார். இங்கே மிச்சமிருந்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி எருமைகள் இறங்கின.

பாவம், அடிபட்டது எழில்மதிதான். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பெண், எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள், கல்லூரியில் கடைசி வருடம். மண்டலத்தில் முதலாவதாக வந்தால் பல்கலைக்கழக அணி, அதைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை. இல்லாவிட்டால் அப்பா கொளஞ்சியப்பனோடு மலையிறங்கிக் கரும்புக்காட்டுக் கூலி. மைதானம் இல்லாததால் கரும்பு டிராக்டர்களை முந்திக்கொண்டு தார்ரோட்டில் ஓடிப் பழகினாள். நேராக ஓடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வளைவுதான் வரவில்லை.

"வளைஞ்சு ஓடவே தெரியாம அங்க போயி இன்னா சார் பண்ணப்போறேன்? எல்லாம் உங்களாலதான்" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

போட்டி ஆடி முதல் தேதியில் வந்து விழுந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணை ஆடிக்கு அழைத்து வருவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று ரங்கம்மாள் பழம், வெற்றிலை, புடவையோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். ஓட்டம் முடிந்த பிறகுதான் அழைக்க வேண்டும் என்று தமிழ்வேந்தன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்டால்தானே! இரண்டாம் சுற்றில் எழில்மதி வளைவில் தடுமாறிக் கடைசி ஆளாகிப்போனதைப் பார்த்ததும், மைதானம் பிறந்த வீட்டு ஏக்கத்தில்தான் காலை வாருகிறது என்று முடிவு கட்டி, தட்டைக் கோட்டோரம் வைத்து, "வாடி கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

"ஐயோ ரங்கம்மா, ரேஸ் ஓடிக்கினு இருக்குதும்மா!" என்று தமிழ்வேந்தன் தலையில் அடித்துக்கொள்வதற்குள் மைதானம் கிளம்பிவிட்டது. ஓடுகிறவர்கள், நடுவர்கள், நாற்காலியோடு செயலாளர், எல்லாரும் அதன் மேலேயே. மேற்கே திரும்பியபோது அது மலைச்சரிவு மாதிரி ஒருபக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே பறந்தது. மற்ற பெண்கள் புல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி யாரும் விசில் அடிக்கவில்லை, அதனால் எழில்மதி ஓடினாள். சரிவிலேயே நடக்கக் கற்றவளுக்குச் சமதரையின் வளைவுதான் சங்கடம், இது ஒன்றுமே இல்லை.

"நிறுத்துங்க சார், இது அந்தப் பொண்ணோட ஊரு மாதிரி ஆயிடுச்சு!" என்று எதிரணிப் பயிற்சியாளர் கத்தினார். செயலாளர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தபடி, "எல்லாருக்கும் ஒரே சாய்வுதானேய்யா" என்று சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. எழில்மதி போலீஸில் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. அந்த ஆவணியிலேயே கல்லூரி வேறு மண்டலத்துக்கு மாறிவிட்டதால், ஆடி முடிந்தும் மைதானத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

அன்றைக்கு அவள் முதல் ஆளாக முடிவுக்கோட்டைத் தொட்டது திருநாவலூர்க் கரும்புக்காடுகளுக்கு மேலே வைத்து. கீழே கொளஞ்சியப்பன் கூலிக்குக் கரும்பின் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலையை விட முடியாமல் மகளின் ஒரு போட்டியைக்கூடப் பார்த்திராத மனிதர். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். மைதானம் சாய்ந்து போனதால் அதன் மேற்புறம் கீழிருந்து முழுதும் தெரிந்தது.

"இன்னாண்ணே அது?" என்றான் பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்தவன்.

"முன்னாடி ஓடிக்கினு போவுதே, அது எம் பொண்ணு" என்றார் கொளஞ்சியப்பன். மைதானம் கண்ணைவிட்டு மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, அடுத்த கரும்புக்குக் குனிந்தார்.