ஊசியை மாற்றுவதா, பெட்டியை மாற்றுவதா

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் உங்களுக்குள் நடந்த பெரிய சண்டை எது என்று கேட்டால், கிருபாவும் நெல்வினும் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொல்வார்கள்: டர்ன்டேபிள் சண்டை.

சத்துவாச்சாரியில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக் கூடத்தில், ஜன்னல் ஓரமாக, ரெக்கார்டைச் சுழற்றிப் பாடவைக்கும் அந்த டர்ன்டேபிள் இருந்தது. நெல்வின் கல்யாணத்துக்கு முன்பு ஆன்லைனில் வாங்கியது. விலை குறைந்த ஆரம்ப வகை. பக்கத்து அலமாரியில் நிறைய ரெக்கார்டுகள், பாதி அவனுடையவை, பாதி அவளுடையவை. இந்த வருஷம் ஒரே ஒரு செலவுக்குத்தான் இடம் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஊசியைத் தாங்கும் கட்டைவிரல் அளவுத் துண்டான கார்ட்ரிட்ஜை மட்டும் உயர்ந்த வகையாக மாற்றுவதா, டர்ன்டேபிளையே மாற்றுவதா? அங்கேதான் பிடித்துக்கொண்டது.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் நெல்வினுக்குச் சின்னக் குறைகூடக் கண்ணில் உறுத்தும், காதிலும் அப்படித்தான். ஊசி ரெக்கார்டின் நடுவில் இருக்கும் கடைசிப் பாட்டை நெருங்கியதும், பாடுகிறவள் ‘ச’ சொல்லும் இடமெல்லாம் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சீறியது. அதனால் எந்த ரெக்கார்டிலும் கடைசிப் பாட்டு வருமுன் எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிடுவான். கார்ட்ரிட்ஜ்தான் கோளாறு என்பது அவன் கட்சி.

கிருபாவுக்கு அந்தச் சீறல் பெரிதாகத் தெரியவில்லை. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்த அவள், ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுகிறவள். பியானோவில் ஒரு நீண்ட சுரம் வந்தால் அது நேராக நிற்காமல் லேசாகத் தள்ளாடுவது அவள் காதுக்குப் பொறுக்கவில்லை. தட்டு சீராகச் சுற்றவில்லை, டர்ன்டேபிளை மாற்றியே தீர வேண்டும் என்றாள்.

“‘ச’வே வராத பாட்டா பாத்து வாங்குங்க” என்பாள்.

“நீ பியானோ இல்லாத ரெக்கார்டா பாத்து கேளு” என்பான் அவன்.

ஆம்பூரில் இருந்த நயீம் அகமது காதுக்கு இது எட்டியது. தோல் மண்டியில் கொள்முதல் பார்க்கிறவர். வேலை விஷயமாக நெல்வினுக்கு அறிமுகமாகி, ரெக்கார்ட் பைத்தியத்தால் நெருங்கிய தோஸ்த் ஆனவர். அவரிடம் நல்ல டர்ன்டேபிளும் இருந்தது, நல்ல கார்ட்ரிட்ஜும் இருந்தது. “உங்க பெட்டியத் தூக்கினு இங்க வாங்கப்பா. மாத்தி மாத்தி மாட்டிக் கேளுங்க. அப்புறம் சண்டை போட்டுக்கலாம்” என்றார் போனில்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இருவரும் பஸ் ஏறினார்கள். கழற்றிய தட்டும் இரண்டு ரெக்கார்டுகளும் நெல்வினின் முதுகுப் பையில். மீதி உடம்பு பெட்ஷீட்டில் சுற்றப்பட்டுக் கிருபாவின் மடியில். பள்ளம் மேடு வரும்போதெல்லாம் குழந்தையை அணைப்பது போல அதை அணைத்துக்கொண்டாள்.

“இன்னாம்மா அது, கரண்ட் அடுப்பா?” என்றார் கண்டக்டர்.

“பாட்டுப் பெட்டிங்க.”

“பாடுமா?”

“அதைத் தெரிஞ்சிக்கத்தான் போறோம்” என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் படபடப்பாக இருந்தது. பரீட்சை முடிவு பார்க்கப் போகிற மாதிரி.

நயீமின் மாடி அறையில் அவருடைய டர்ன்டேபிள் கனத்த மேஜைமேல் அசையாமல் இருந்தது. பக்கத்திலேயே இவர்களுடையதை வைத்தார்கள். நெல்வின் ஆற்காட்டில் வாங்கி வைத்திருந்த மக்கன்பேடா இனிப்பை நயீமின் மனைவி குர்ஷித் தட்டில் அடுக்கினாள். யாரும் அதைத் தொடவில்லை.

முதலில் இவர்களுடையது, உள்ளபடியே. ‘ச’ சீறியது, பியானோ தள்ளாடியது. “ரெண்டும் இருக்கு” என்றார் நயீம். கிருபாவும் நெல்வினும் ஒரே நேரத்தில் “பாத்தியா?” “பாத்தீங்களா?” என்றார்கள்.

அடுத்து, நயீம் தன் கார்ட்ரிட்ஜை அது பொருத்தப்பட்டிருந்த தலைப்பகுதியோடு கழற்றி, இவர்கள் டர்ன்டேபிளின் ஊசி தாங்கும் கையில் திருகினார். குட்டித் தராசு ஒன்றை வைத்து ஊசி அழுத்தும் எடையைச் சரிபார்த்தார். ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் ஊசியை இறக்கினார்.

ஒத்துக்கொள்ளவே கூடாது என்று கிருபா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வரியிலேயே கட்டிய கை அவிழ்ந்துவிட்டது. சீறல் போன இடத்தில் ஒரு பெண் இருந்தாள். மூச்சு இழுத்தாள். அவளுக்குப் பின்னால் வயலின்கள் இருந்தன. அங்கே வயலின் இருப்பதே இத்தனை நாள் கிருபாவுக்குத் தெரியாது.

“இது நம்ம ரெக்கார்டா?”

“நம்மளதுதான்” என்றான் நெல்வின். உலகத்தையே ஜெயித்தவன் போல ஒரு மக்கன்பேடாவை எடுத்து வாயில் போட்டான்.

மூன்றாவதாக, இவர்களுடைய பழைய கார்ட்ரிட்ஜை நயீமின் டர்ன்டேபிளில் மாட்டினார்கள். பியானோ ரெக்கார்ட். நீண்ட சுரம் வந்தது. வந்து, நின்றது. ஆணி அடித்தது போல நின்று, அசையாமல் மெல்லக் கரைந்தது. நெல்வின் மெல்வதை நிறுத்திவிட்டான்.

“இதையா நீ இவ்ளோ நாளா சொல்லினு இருந்த?”

“இதைத்தான்.”

“எனக்கு இது தெரியவே இல்ல கிருபா. இனிமே தெரியாம இருக்காது. டர்ன்டேபிளே வாங்கிடலாம்.”

“ஐயோ, வேணாங்க! கார்ட்ரிட்ஜ்தான். அந்தக் குரலைக் கேட்டீங்க இல்ல?”

“சுரமே ஆடினா குரல் மட்டும் என்னா பண்ணும்?”

“ஆடினா ஆடட்டும்!”

குர்ஷித்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வரும்போது அவர் கார்ட்ரிட்ஜ், நீங்க டர்ன்டேபிள்னுதானே சொன்னீங்க? இன்னாது, கட்சி மாறிட்டீங்களா?”

அதன்பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அறை முழுக்கச் சிரிப்பு.

“என்னோடது ரெண்டையும் சேத்துக் கேக்குறீங்களா?” என்றார் நயீம்.

“வேணாம் பாய். அப்புறம் வீட்டுக்குப் போக மனசே வராது” என்றாள் கிருபா. ஆனால் நகர்ந்து உட்கார்ந்து இடம் பார்த்தது அவள்தான். கேட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க.

முடிந்ததும் கிருபா எழுந்து ஜன்னலோரம் போனாள். கீழே தெருவில் ஒரு லோடு வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் மனதுக்குள் வீட்டு அலமாரி ஓடியது. ஒவ்வொரு ரெக்கார்டாக நினைத்துப் பார்த்தாள். சட்டென்று திரும்பினாள்.

“ஏங்க, நம்ம கிட்ட இருக்கிற ரெக்கார்ட் ஒண்ணுலகூட நாம கடைசிப் பாட்டைக் கேட்டதில்ல. ரெண்டு பக்கமும். நீங்க தூக்கிடுவீங்க. கார்ட்ரிட்ஜ் வாங்கினா அத்தனையும் புதுசு! அலமாரில இருக்கிற ரெக்கார்டுக்குள்ளயே இவ்ளோ பாட்டு கேக்காம கிடக்குது.”

நெல்வின் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். “ஆமா இல்ல?” என்றான் கடைசியில்.

“அடுத்து டர்ன்டேபிள் மாத்தினாலும் இதைக் கழட்டி அதுல போட்டுக்கலாம் இல்லயா பாய்?”

“தாராளமா. கார்ட்ரிட்ஜ் உங்களோடயே வரும்” என்றார் நயீம்.

அங்கேயே, அந்த நிமிஷமே போனில் ஆர்டர் போட்டார்கள்.

பார்சல் வந்த அன்று மதியத்துக்கு மேல் இருவரும் லீவு சொல்லிவிட்டார்கள். தலைப்பகுதிக்குள் நான்கு கம்பிகள், தலைமுடி கனத்தில், நான்கு நிறத்தில். நெல்வின் டார்ச் பிடித்தான். கிருபா புருவம் திருத்தும் சாமணத்தால் ஒவ்வொன்றாகச் செருகினாள். பச்சைக் கம்பி நழுவியபோது இருவரும் “ஐயோ” என்று கத்தினார்கள். நாள் முழுக்க நோயாளிகளின் மூட்டுகளைப் பிடிக்கிற கை, மறுபடி செருகிவிட்டது. தாள் அளவுகோலில் ஊசியின் கோணம் பார்த்து, எடை பார்த்து, ரெக்கார்டை வைத்தாள்.

அன்று கடைசிப் பாட்டுகள் மட்டும்தான். ஒன்று முடிந்ததும் திருப்பு. அது முடிந்ததும் அடுத்த ரெக்கார்ட். சில பாட்டு அற்புதம். சில பாட்டைக் கேட்டதும், இதைக் கடைசியில் ஒளித்துவைத்தது சரிதான் என்று தோன்றியது. தரையெல்லாம் உறைகள் பரவின. அடுப்பில் வைத்த பால் பொங்கி, அடுப்பே அணைந்துபோனது ஒருவருக்கும் தெரியவில்லை.

“இது வேணாம், அதைப் போடு” என்று நெல்வின் கை நீட்டினான்.

“இருங்க, இன்னொரு தடவ” என்று கிருபா அவன் கையைத் தட்டிவிட்டாள். பாட்டில் இருந்தவளுக்குக் கீழே தன் ஆல்டோவைச் சேர்த்துப் பாட ஆரம்பித்தாள். சுரம் ஆடிய இடத்தில் தானும் கொஞ்சம் ஆடினாள்.