கூடத்தில் ஒரு தலை கூடுதல்

கூடத்தில் இருந்தவர்கள்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேர், புதிதாக வந்த டீச்சர், ஏணிமேல் ஒரு பெயின்டர், இரண்டாம் வகுப்பில் ஃபெயிலான குண்டூசி.

பள்ளிக்கூடத்தில் மராமத்து வேலை நடந்தது. பெஞ்சுகள் வெளியே கிடந்ததால் எல்லோரும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் களேபரத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று குண்டூசி தன் சிநேகிதி பூசணியின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். போன வருஷம் வரை இருவருக்கும் ஒரே டிபன்பாக்ஸ்.

"நீ இன்னும் ரெண்டாவதுதானேடி?" என்றாள் பூசணி.

"வாய மூடுடி. டீச்சர் புதுசு."

அட்டெண்டன்ஸ் நோட்டு எந்த சிமென்ட் மூட்டைக்கு அடியில் கிடக்கிறதோ தெரியவில்லை. டீச்சர் தலைகளை எண்ணினார். இருபத்தேழு வந்தது. மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு கூடுதே. யாரும்மா அது?"

"என்னையும் சேத்து எண்ணிட்டீங்களா டீச்சர்?" என்றார் பெயின்டர்.

வகுப்பே சிரித்தது. பூசணி மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குண்டூசியின் பையைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டாள்.

குண்டூசி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் ரெண்டாவது, டீச்சர்."

"ரெண்டாவதா? பக்கத்து ரூம்தான், போம்மா," என்றார் டீச்சர். அவள் வாசலைத் தாண்டியதும், சிமென்ட் தூசி வருகிறதென்று கதவைச் சாத்தித் தாழிட்டார்.