வட்டம் போட்ட இடமெல்லாம் கிரகம்

காலை ஒன்பதே முக்காலுக்கு நயாரெத் கணினித் திரையில் ஐந்தாவது வட்டத்தையும் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒரு கிரகம் முளைத்தது.

காது சூடாகிவிட்டது அவளுக்கு. ஐந்துமே ஒன்றும் இல்லாத வெற்று இடங்கள்.

மலைமேல் ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் வானைப் பார்த்து நிற்கும் ஆன்டெனாக்கள் நேராகப் படம் எடுத்துத் தருவதில்லை. முதலில் வருவது அழுக்குப் படம். இந்த வேலையில் அதற்குப் பெயரே அதுதான். அடிவாரத்து முகாமில் உட்கார்ந்து கணினியில் துடைத்துத் துடைத்துத்தான் ஓர் இளம் விண்மீனையும், அதைச் சுற்றிச் சுழலும் வாயுவும் தூசியுமான தட்டையும் வெளியே எடுக்க வேண்டும். எங்கே துடைப்பது என்று கையால் வட்டம் போட்டுக் காட்டலாம். காட்டினால் கணினி அந்த வட்டத்துக்குள் கிடைக்கிற இரைச்சலையும் திரட்டி வெளிச்சமாக்கிக் கொடுத்துவிடும், முதலாளிக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிற வேலைக்காரன் மாதிரி.

நான்கு மாதத்துக்கு முன் அந்தத் தட்டின் கருத்த இடைவெளியில் ஒரு மங்கல் புள்ளி இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. இடைவெளி இருந்தால், ஏதோ ஒன்று அங்கே தூசியைத் தின்று வளர்கிறது என்று சந்தேகப்படலாம். புள்ளியை ஒட்டி இறுக்கமாக வட்டம் போட்டாள். பளிச்சென்று வந்தது, பிறந்துகொண்டிருக்கும் கிரகம். வெற்று இடத்திலும் அதே வட்டத்தைப் போட்டுச் சோதிக்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். சோதிக்கத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. வேண்டாமென்று விட்டாள்.

இன்று பதினோரு மணிக்குக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டால் மாலையில் கட்டுரை இதழுக்குப் போய்விடும். முனைவர் படிப்புக்கு இடம் அதை நம்பித்தான் இருக்கிறது. ஐந்து படங்களையும் அழித்துவிட்டு எழுந்தாள்.

நடையில் அவித்த சோள வாசனை. சமையலறையில் அம்மா கசில்டா இருப்பாள். பதினோரு வருடமாக இந்த முகாமுக்குச் சமைப்பவள்.

இரண்டு வருடத்துக்கு முன், வேலையில் சேர்ந்த முதல் நாள் கூட்டத்துக்குக் காபி கொண்டுவந்ததும் கசில்டாதான். நயாரெத் கோப்பையை வாங்கிக்கொண்டு "நன்றிங்க" என்றாள், யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல. கசில்டா அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், அடுத்த கோப்பையை அடுத்த ஆளிடம் நீட்டினாள். அதற்குப் பிறகு முகாமுக்குள் இருவரும் அப்படியே பழகிக்கொண்டார்கள். புள்ளி பளிச்சிட்ட வாரம்தான் நயாரெத் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இவங்க எங்க அம்மா." எல்லாரும் கைதட்டினார்கள். பெற்றவளைப் பெற்றவள் என்று சொல்ல அவளுக்கு ஒரு கிரகம் தேவைப்பட்டிருக்கிறது.

கூட்டத்தில் பழைய படம் திரையில் ஏறியது. குழுத் தலைவி டாக்டர் பிலார் லியோன் தலைநகர் சந்தியாகோக்காரர். அப்பா நீதிபதி, தாத்தா செனட்டர். படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது காபித் தட்டோடு கசில்டா உள்ளே வந்தாள்.

"வாங்க கசில்டாம்மா," என்றார் லியோன். "உங்க பேத்தி எப்படி இருக்கான்னு பாருங்க."

"பேத்தியா? கை எங்க, கால் எங்க டாக்டரம்மா? எங்க ஊர்க் கத்தரி விதை இதைவிடப் பெருசா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கசில்டாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை தோட்டத்துல குழி எடுத்து, கொக்கா இலை போட்டு, பூமித்தாய்க்கு வைன் ஊத்திட்டேன். நன்றின்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை எங்க ஊர் தொகோனாவுல ஊர்க்கூட்டம். என் மகளை நடுவுல நிறுத்தி மாலை போடப்போறாங்க. நீங்களும் வரணும்."

நயாரெத் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கிரகம் இல்ல."

"என்ன?" என்றார் லியோன்.

"வட்டம் நான் போட்டது. இன்னைக்குக் காலைல வேற அஞ்சு இடத்துல போட்டேன். அஞ்சுலயும் இதே மாதிரி வந்துச்சு. அந்தப் படங்களை அழிச்சிட்டுத்தான் இங்க வந்தேன். வேணும்னா மறுபடி எடுத்துக் காட்டறேன்."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். லியோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் நடக்கறதுதான். உன் வயசுல நான் ஒரே தட்டுல மூணு கிரகம் கண்டுபிடிச்சேன். மூணும் காணாமப் போச்சு."

மறுபடி சிரிப்பு. அவருக்கு அது விருந்தில் சொல்கிற கதை. மூன்று கிரகம் போனாலும் லியோன் லியோன்தான். சமையல்காரி மகளுக்கு, சோகோபார் வீட்டுப் பெண்ணுக்கு, ஒன்று போனால் என்ன மிச்சம் இருக்கும்?

"ஆனா முன்னாடியே ஏம்மா சோதிக்கல?"

"சோதிச்சா போயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. லியோன் திரையை அணைத்தார். "இடைவெளி நிஜம். அதை வச்சு மறுபடி எழுதலாம். ஒரு வருஷம் ஆகும்," என்றார். முனைவர் இடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை.

கூட்டம் கலைய ஆரம்பித்தபோது கசில்டா மேசையில் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நயாரெத் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஊத்தினதைத் திருப்பி வாங்க முடியாதுடி," என்றாள் கசில்டா, நிமிராமல்.

"தெரியும்மா."

"பூமித்தாய்கிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. தெரியாம நான் சொல்லிட்டேன். நீ தெரிஞ்சே என்னைச் சொல்ல விட்டியா?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு முழுசாத் தெரியாது."

"முழுசா," என்று திருப்பிச் சொன்னாள் கசில்டா.

"சனிக்கிழமை நானே வந்து ஊர்ல சொல்றேன். நீ எதுவும் பேச வேண்டாம்."

"படிச்சவளுக்கே தெரியலயான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

கசில்டா கடைசிக் கோப்பையைத் தட்டில் வைத்தாள். அப்போதுதான் மகளைப் பார்த்தாள்.

"கிரகம் போச்சு. இனி நான் மறுபடி 'நன்றிங்க'வா?"

இரண்டு வருடமாக அந்தச் சொல்லை அவள் மனசில் வைத்திருந்திருக்கிறாள். நயாரெத் தட்டை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கசில்டா முதலில் விடவில்லை, பிறகு விட்டாள்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இருவரும் நடையில் இறங்கினார்கள். எதிரே, நேற்றுத்தான் வந்து சேர்ந்த ஜெர்மன்காரர் ஒருவர் போனைப் பார்த்தபடி வந்தார். கையிலிருந்த காலிக் கோப்பையை நயாரெத் ஏந்திய தட்டில் வைத்தார், முகத்தைப் பார்க்காமல்.

"நன்றிங்க," என்றார்.

கசில்டா திரும்பி மகளைப் பார்த்தாள். நயாரெத்துக்குக் காது எரிந்தது. கோப்பைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்தாள்.