தலைகீழ்த் தோட்டம்

சமூகக் கூடத்தின் வெற்றுச் சுவருக்கு ஏதாவது அலங்காரம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "ஒரு பேனர் அடிச்சு மாட்டிட்டா வேலை முடிஞ்சுது" என்றாள் கூடத்தின் செயலாளர்.

"பேனர் எங்க பாத்தாலும் தொங்குது. துணியில நாமளே வரையலாமே" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரி தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள். செயலாளரின் தம்பி மனைவி. சொல்லி முடித்த பிறகுதான், தன் வாய் செய்த வேலை அவளுக்கே உறைத்தது.

நாத்தனாரான அந்தச் செயலாளர் கெட்டவள் இல்லை. ஆனால் தையற்காரி அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து, நாத்தனார் வாயிலிருந்து ஒரு "நல்லா இருக்கு" உதிர்ந்ததில்லை. தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டே அதைக் குறை சொல்வாள். வேண்டாத மருமகள் கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள்; இங்கே ஊசி பட்டாலும் குற்றம். ஊரே மெச்சினாலும் தையற்காரிக்குப் போதாது, அந்த ஒரு வாய் மெச்ச வேண்டும். வெட்கங்கெட்ட ஆசைதான். என்ன செய்வது?

"சரி, நீயே பாத்துக்க" என்றாள் நாத்தனார். "திறப்பு விழாவுக்கு மொத நாள் வந்து பாப்பேன். நல்லா இல்லைன்னா பேனர்தான். கடையில இப்பவே சொல்லி வைக்கறேன்."

தையற்காரி கெட்டித் துணிகளை மூட்டி, கூடத்தின் பாதியை மூடும் அளவுக்கு ஒரே விரிப்பாக்கினாள். துணி என்றால் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி வந்து வெட்டிப் பழகியவள். இதையும் அப்படியே விரித்தாள். வரைய வந்தவர்களைப் பந்தியில் உட்கார வைப்பதுபோல நாலு பக்கமும் உட்கார வைத்து, "ஒரு தோட்டம். அவங்கவங்களுக்குப் பிடிச்சத வரைங்க" என்றாள்.

வேலை முடித்த மாலைகளிலும் விடுமுறைகளிலும் வந்து வரைந்தார்கள். அரட்டைக்குப் பஞ்சமே இல்லை. பேக்கரிக்காரர் ஒரு மாடு வரைந்தார். "அண்ணே, உங்க மாடு நல்லா பொங்கி வந்திருக்கு. அடுப்ப அணைச்சிடுங்க" என்றாள் நர்ஸ். "உன் ரோஜாவுக்கு மட்டும் என்னம்மா, ஊசி போட்ட மாதிரி வீங்கியிருக்கு?" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எல்லோருக்கும் அவர் பிரேக் மாமா, பேசிக்கொண்டே இருந்து பாதியில் நின்றுவிடுவார். மரம் வரைவதில் மட்டும் நிற்கவே இல்லை. தையற்காரி நடுவில் தவழ்ந்து போய்ப் பறவைகள் வரைந்தாள். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், கடைசிப் பூச்சு காய்வதற்குள்ளேயே துணியைத் தூக்கிச் சுவரில் கட்டினார்கள். கட்டிவிட்டு விலகி நின்று பார்த்தார்கள்.

கீழ் ஓரம் மட்டும் ஒழுங்காக இருந்தது. மேல் ஓரத்தில் மரங்கள் வௌவாலைப் போலத் தொங்கின. பேக்கரிக்காரரின் மாடு செங்குத்தாகச் சுவரேறியது. எந்தப் பக்கம் மேலே என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவரவர் மடிப்பக்கம்தான் அவரவருக்குத் தரையாக இருந்திருக்கிறது.

சரியாக அந்த நேரத்தில் நாத்தனார் உள்ளே வந்தாள். பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இறக்கி வைங்க, நான் பேனர் கடைக்கு ஃபோன் போடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போனாள். தையற்காரிக்குத் தப்பு முழுக்கத் தன்னுடையது என்பதுதான் பெரிய வேதனை.

ஈரச் சாயம் தரையில் படக்கூடாதே என்று, மேல் முனையை அவிழ்த்து முன்பக்கமாகச் சாய்த்து, ஆளுக்கொரு பக்கமாகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். பிரேக் மாமாவுக்கு அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"மாமா, மிதிச்சிடப் போறோம், எழுந்திருங்க!" என்றாள் நர்ஸ்.

"இரும்மா" என்றார் அவர். "இங்கேருந்து பாத்தா எல்லாம் நேராத்தானே இருக்கு."

தையற்காரி துணிக்கு அடியில் புகுந்து, நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மரங்கள் ஓரத்தில் வேர்விட்டு உச்சியை நோக்கி எழுந்து நின்றன. மாடு நாலு காலில் நின்றது. நடுவில் அவளுடைய பறவைகள் பறந்தன. துணியின் ஓரத்துக்கு வெளியே தெரிந்த கூடத்தின் கூரையோ கறை படிந்து அசிங்கமாகக் கிடந்தது.

"அண்ணி!" என்று கத்தினாள். "ஒரே ஒரு தடவ இதுக்கு அடியில வந்து பாருங்க. இதக் கூரையில கட்டிடலாம்."

நாத்தனார் ஃபோனும் கையுமாக வந்து நின்றாள். அண்ணாந்தபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள். அதற்குள் கையிலிருந்த ஃபோனில் கடைக்காரன் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஆங், பேனர் வேண்டாம் தம்பி" என்றாள் அவள். "இல்லப்பா, வேற கடைக்கெல்லாம் போகல. எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. என் தம்பி பொண்டாட்டி. கூரை முழுக்க ஒரு தோட்டத்தையே தூக்கி வச்சிருக்கா. நாளைக்கு வந்து பாரு, கழுத்து வலிக்கிற வரைக்கும் பாப்ப."

ஃபோனை வைத்துவிட்டுத் தையற்காரியின் பக்கம் திரும்பினாள். முகம் பழையபடி ஆகிவிட்டது.

"அந்த மூலையில தையல் கோணலா இருக்கு, பாரு."

"ஆமா அண்ணி" என்றாள் தையற்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

துணி கூரைக்கு ஏறிவிட்டது. மூலைத் தையலை மட்டும் அவள் சரிசெய்யவே இல்லை. கூடத்துக்கு வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து அண்ணி அதைச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.