எறும்பு சொன்ன தீர்ப்பு

1997ஆம் ஆண்டு. கரையான்சாவடியில் தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, கிண்ணத்தில் இருந்த மருமகளின் தாய்ப்பாலில் ஓர் எறும்பை விட்டாள் ஆரோக்கியம்மாள். அது கால்களை உதைத்துப் பார்த்துவிட்டு அசைவற்று மிதந்தது.

"பாத்துக்கினியாடா ஜோசப்பு? எறும்பு செத்துப்போச்சு, இவ பாலு வெசம். மொதப் புள்ளைய முழுங்கினதும் இந்தப் பாலுதான். இவள பட்டாபிராமுக்கே, அவ அப்பன் ஊட்டுக்கே அனுப்பிடு."

மருமகள் தெரசா, ஆரோக்கியம்மாளின் சொந்த அண்ணன் மகள். கண்ணில் மஞ்சள் பூத்த கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அம்பத்தூர் லேத்துப் பட்டறையில் மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையும் அவள் கணவன் ஜோசப்ராஜ், எறும்பின் தீர்ப்பை அளந்து பார்க்காமலே ஏற்றுக்கொண்டான்.

குழந்தைக்குப் பசும்பால் புகட்டினார்கள். வாந்தி நிற்கவில்லை, வயிறு உப்பியது. பிறகே மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

"எந்தப் பாலும் வேண்டாம், நிறுத்துங்க," என்றார் டாக்டர். "பால்ல இருக்கிற சர்க்கரை இவன் உடம்புக்கு ஒத்துக்கலைன்னு சந்தேகப்படறேன். பரம்பரைக் கோளாறு. முன்னெல்லாம் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிட்டு வாரக்கணக்கா காத்திருப்போம். இப்ப இங்கேயே ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும். அம்மா, அப்பா ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க."

"எனக்கு இன்னாத்துக்கு டாக்டர்? பாலு அவளோடதுதான?"

"புள்ள ரெண்டு பேரோடதுதான?"

கேட்டவர் டாக்டர் அல்லர், தெரசா. ஜோசப்ராஜ் தலைகுனிந்து சட்டைக் கையை மடித்தான்.

நோய் உறுதியாயிற்று. குறை தாயின் இரத்தத்தில் பாதி, தந்தையின் இரத்தத்தில் பாதி. பாலுக்குப் பதில் சோயா மாவுக் கரைசல் கொடுத்ததும் குழந்தையின் கண்ணிலிருந்த மஞ்சள் மெல்ல வடிந்தது.

வீடு திரும்பியவர்களை வாசலிலேயே ஆரோக்கியம்மாள் மறித்தாள். "இன்னாடா, குத்தம் யாரு மேல?"

"குத்தம் இல்லம்மா, நோவு. மாமன் ஊட்லேந்து பாதி, நம்மூட்லேந்து பாதி. எறும்ப தண்ணில உட்டாலும்தான் சாவும். தெரசா எங்கயும் போவ மாட்டா."

ஆரோக்கியம்மாள் எறும்பு மிதந்த அந்தக் கிண்ணத்தையே தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி எடுத்து வந்தாள். "மாவக் குடுடி, நான் கரைக்கிறேன். ஒக்காரு நீ."

குழந்தை தவழத் தொடங்கிய நாளில், பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் வந்து குறைபட்டுக்கொண்டாள். "பேரன் பாலு குடிச்சா வாந்தியா எடுக்கறான், மருமவ பாலு சரியில்லபோல கீதுக்கா. எறும்பு உட்டுப் பாக்கலாமா?"

உள்ளே இருந்த ஜோசப்ராஜின் காதில் தாயின் குரல் தெளிவாக விழுந்தது.

"எறும்பெல்லாம் வேணாம்டி! ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. மருமவள மட்டும் இட்டுக்கினு போவாத, ஒம் மவனையும் கைய நீட்டச் சொல்லு. புள்ளைக்கு நோவு வந்தா பழி போட ஆளத் தேடக் கூடாது. இன்னா நோவுன்னு சோதிச்சுப் பாக்கணும்."