கரும்பு வெட்டு முடியும் வரை

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வருவதில்லையாம். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு வாரமாக இதே பேச்சு. வீரமுத்து எப்படி இருந்தவர், எப்படி மாறிவிட்டார் பார் என்கிறார்களாம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதை போன வருஷம் ஆரம்பித்தது. கரும்பு வெட்டுவதற்காகக் கல்வராயன் மலையிலிருந்து மாதன் மேஸ்திரி தன் ஆட்களோடு வந்திருந்தார். அடிக்கட்டையை உயரமாக விட்டு வெட்டுகிறார்கள் என்று இவர் வரப்பில் நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அவர்கள் தங்கியிருந்த கொட்டகை காலி. வேறு ஆள் கிடைக்கவில்லை. நின்ற கரும்பெல்லாம் காய்ந்து சக்கையாகி, கடைசியில் கொளுத்திவிட்டோம். என் மகள் சுபஸ்ரீயின் நர்சிங் படிப்பு அதோடு தள்ளிப்போனது. பெண் ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வருஷம் ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி ஆர்டர் வந்தபோதும் ஆள் பஞ்சம். இவரே மலையேறிப் போய், மாதன் வீட்டு வாசலில் நின்று கெஞ்சி, இனிமேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வரும் வழியில் ரிஷிவந்தியத்தில் இறங்கி அர்த்தநாரீஸ்வரர் முன்னால் சத்தியம் வேறு செய்தாராம். பாதி உடம்பைப் பெண்டாட்டிக்குக் கொடுத்த சாமி அது. அதன் முன்னால் நின்றும் இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வரவில்லை. வெட்டுக்கு வருகிற ஆட்களைத் திட்ட மாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ணிவிட்டு வந்து நிற்கிறார்.

வெட்டு ஆரம்பித்தது. கரும்புக் கொல்லையில் அவரைப் பார்க்க வேண்டுமே. போன வருஷம் 'டேய்' போட்ட ஆளை இந்த வருஷம் 'மாதண்ணே' என்கிறார். கட்டை உயரமாக நின்றால் ஒன்றும் சொல்லாமல் தானே குனிந்து சீவுகிறார். லாரி வராவிட்டால் சிரிக்கிறார். கோபம் வந்தால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று போனில் யாரோ வீடியோ போட்டிருந்தார்களாம். அதையும் செய்கிறார், மூக்கு விடைக்க.

அங்கே அடக்கியதையெல்லாம் வீட்டுக்கு வந்து அவிழ்த்தார். குழம்பில் உப்பு கம்மி என்று கத்தல். குளிக்க வைத்த தண்ணீரில் சூடு ஜாஸ்தி என்று கத்தல். நான் இருமினால் அதற்கும் கத்தல். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டதில் சோறு வீடெல்லாம் சிதறியது. அதைப் பொறுக்கிக்கொண்டே, கொல்லையில் எல்லாரிடமும் நன்றாகத்தானே பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்க பல்லக் கடிச்சிக்கினு நின்னுட்டு வரேன். வூட்டுலயும் கடிச்சிக்கினே இருக்கணுமா?" என்றார்.

அதாவது, ஊரார் மேல் கொட்ட முடியாததைக் கொட்டுவதற்கு நான் ஒரு கழுநீர்த் தொட்டி. எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் பேசினால் சண்டை வரும். அந்தச் சூட்டோடு கொல்லைக்குப் போய் மாதன் மேல் எரிந்து விழுவார். வெட்டு நிற்கும், சுபஸ்ரீ இன்னொரு வருஷம் வீட்டில் உட்காருவாள். அதனால் விழுங்கினேன். தினமும் விழுங்கினேன். டீக்கடையில் என் பொறுமையைப் பற்றி எவனாவது பேசினானா?

கடைசி நாள், மேற்கு ஓரம் மட்டும்தான் பாக்கி. லாரி வந்து நின்றுவிட்டது. ஆட்களுக்குக் கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு போக எனக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. காலையிலிருந்து எதை எதையோ அடக்கிக்கொண்டு நின்றிருந்தார் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் நிற்கிற இடம் வீடா கொல்லையா என்பதே மறந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் என்னையும் என்னைப் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டினார். நான் கூழ்ப் பானையோடு நின்றேன்.

வெட்டுகிற சத்தம் நின்றது. முதலில் கத்தியைக் கீழே வைத்தவள் மாதனின் பெண்சாதி சாலம்மாள். வைத்துவிட்டுக் கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மாதனிடம் ஓடிப்போய், உங்களை ஒன்றும் சொல்லவில்லையே, இது எங்கள் வீட்டு விஷயம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கும்பிட்டார். மாதன் திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தார்.

"எங்ககிட்ட எதுக்குங்க கும்புடறீங்க?" என்றாள் சாலம்மாள். "கூழு தூக்கிக்கினு வந்தது அவங்க. அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் வெட்டறோம்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நீயே ஏதாவது சொல்லி முடித்துவிடு என்கிற பார்வை. பரவாயில்லை, வெட்டுங்கள் என்று நான் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் முடித்துக்கொடுத்து வருகிறேன். பழக்கத்தில் வாய்கூடத் திறந்துவிட்டது. கரும்பு நின்றுபோனால் சுபஸ்ரீ என்ன ஆவாள் என்று நினைத்தேன். நாளைக்கு அவளையும் ஒருத்தன் இப்படி நடுக்கொல்லையில் நிறுத்துவானே என்றும் நினைத்தேன். பானையை இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

அவர் மாதனைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்தபடி, "மன்னிச்சிக்கோ செல்வி" என்று முனகினார்.

எனக்குக் கேட்டது. சாலம்மாளுக்கும் கேட்டிருக்க வேண்டும், கத்தியை எடுக்கக் குனிந்தாள். நான்தான் பொறு என்று கை காட்டினேன்.

"திட்டனது லாரி வரிக்கும் கேட்டுச்சுங்க. இதையும் அதே மாதிரி சத்தமா சொல்லுங்க" என்றேன்.